கோழிக்குள் சால்மொனெல்லா எப்படிப் பரவுகிறது? மயோனைஸ் தடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

2012 ஜூலையில் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் ஷவர்மா சாப்பிட்ட இளைஞர் ஒருவர், பெங்களூரு போன பிறகு இறந்தார். கேரளம் முழுக்க ஓட்டல்களில் சோதனை நடந்தது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். அந்தக் கடையின் சிக்கன் ஷவர்மாவில் சால்மொனெல்லா, ஷிகெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களும், மிளகுத்தூளில் சால்மொனெல்லாவும் இருந்ததாகக் கேரள சுகாதாரத் துறை தெரிவித்தது. 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குக் கேரள அரசு தடை போட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அதே தடையை ஓராண்டுக்குக் கொண்டுவந்தது.

கேரளச் சந்தைக்கு முட்டை நாமக்கல்லிலிருந்தும், கறிக்கோழி பல்லடம் பக்கமிருந்தும் லாரி லாரியாகப் போகிறது. நீங்கள் டெக்னோபார்க்கில் வேலை பார்த்தாலும் சரி, ஓஎம்ஆரில் வேலை பார்த்தாலும் சரி, தட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே கோழிதான்.

சரி, கறி கெட்டுப்போனதுதானே பிரச்சினை? முட்டையை ஏன் தடை செய்ய வேண்டும்? பதில் கோழியின் உடம்புக்குள் இருக்கிறது. கிருமி எந்த உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த உணவில் ஆபத்து என்பதும் முடிவாகிறது.

முதல் நிறுத்தம்: குடல்

தீவனம், தண்ணீர், எச்சம், எலி என ஏதோ ஒரு வழியில் கிருமி கோழியின் வாய்க்குள் போகிறது. கழுத்தடியில் உள்ள தீவனப்பை, அமிலம் சுரக்கும் இரைப்பை இரண்டையும் தாண்டிக் குடலுக்கு வந்துவிடும். சிறுகுடல் முடியும் இடத்தில் கோழிக்கு ஒரு பக்கம் மூடிய இரண்டு பைகள் உண்டு. முட்டுக்குடல் என்பார்கள். சால்மொனெல்லாவுக்குப் பிடித்த இடம் அதுதான். அங்கே பெருகி எச்சத்தில் வெளியே வந்து, பக்கத்துக் கோழிக்குப் போகிறது.

பொரித்த சில நாட்களில் குஞ்சுக்கு ஆபத்து அதிகம். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது, இடம் காலியாக இருக்கும். ஆரோக்கியமான கோழியின் குடல் பாக்டீரியாக்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லாவுக்கு இடம் கிடைக்காது என்று பின்லாந்தின் நுர்மி, ரந்தலா என்ற இருவர் 1973-லேயே காட்டினார்கள்.

இரண்டாவது நிறுத்தம்: ஈரலும் மண்ணீரலும்

சில கிருமிகள் குடலோடு நிற்பதில்லை. குடல் சுவரைத் துளைத்து உள்ளே போகும்போது, கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளை அணுக்கள் அவற்றைப் பிடிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சால்மொனெல்லா அந்த அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கக் கற்றுக்கொண்ட கிருமி. பிடிக்க வந்த போலீஸ் ஜீப்பிலேயே ஏறி ஊர் சுற்றுகிற திருடன் மாதிரி, அதே அணுக்களில் பயணித்து ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது நிறுத்தம்: சினைப்பை

சால்மொனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதில் என்டெரிட்டிடிஸ் என்ற வகை முட்டைக்கோழியின் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் தங்கக்கூடியது. அங்கே இருந்தால், ஓடு உருவாகும் முன்பே கிருமி முட்டைக்குள் போய்விடும். விரிசல் இல்லாத, பளிச்சென்று கழுவிய முட்டையும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

கோழியைப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. கேலினாரம், புல்லோரம் என்ற வகைகள் கோழிகளையே கொல்லும், பண்ணைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு தரும் வகைகள், வளர்ந்த கோழிக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தருவதில்லை. அது நன்றாகத் தின்னும், முட்டையும் போடும்.

உங்கள் தட்டில் இதற்கு என்ன அர்த்தம்?

கறி: வெட்டும்போது குடலோ தீவனப்பையோ கிழிந்தால் கிருமி தோலிலும் கறியின் மேற்பரப்பிலும் ஒட்டும். அங்கிருந்து கத்தி, கட்டை, கை என்று பரவும். ஷவர்மாவில் கம்பியில் குத்திய கறியின் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்பக்கம் பச்சையாக இருக்கும். அவசரத்தில் ஆழமாகச் சீவினால் வேகாத கறியும் சேர்ந்தே விழும்.

ஈரல்: இங்கே கிருமி உள்ளேயே இருக்கலாம். நடுவில் சிவப்பாக விட்ட ஈரல் வறுவல் வேண்டாம்.

முட்டை: ஒரு சின்னக் கணக்கு. 20,000 முட்டையில் ஒன்றில் கிருமி இருக்கலாம் என்பது அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் சொன்ன மதிப்பீடு. வீட்டில் ஒரு ஆஃப்பாயில் என்றால் ரிஸ்க் மிகக் குறைவு. ஆனால் தினமும் 200 முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து மயோனைஸ் அடிக்கும் சமையலறையில், அதே கணக்குப்படி சராசரியாக 100 நாளுக்கு ஒருமுறை கிருமியுள்ள முட்டை விழும். அன்று பாதிக்கப்படுவது ஒருவர் அல்ல, அந்த மயோனைஸைத் தொட்ட எல்லோரும். அடுப்பைப் பார்க்காத உணவு என்பதால் சூட்டில் கிருமி சாகும் வாய்ப்பும் இல்லை. வெளியே வைத்தால் சூட்டில் மளமளவென்று பெருகும். அரசு பச்சை முட்டையைக் குறிவைத்தது இதற்காகத்தான். பாஸ்டுரைஸ் செய்த முட்டையில் செய்த மயோனைஸ், முட்டையில்லாத மயோனைஸ் இரண்டுக்கும் தடை இல்லை.

என்ன செய்யலாம்?

கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கிருமி சாகும். தெர்மாமீட்டர் இல்லையா? உள்ளே சிவப்பு இல்லாமல், ஆவி பறக்க வேக வையுங்கள். பச்சைக் கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க் முழுக்கப் போகும். பார்சல் ஷவர்மாவை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சாப்பிடாதீர்கள்.

சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரலாம். ஓஆர்எஸ் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் சாப்பிடுகிறவர் தலையில் கட்ட முடியாது. 1988-ல் பிரிட்டனில் முட்டை சால்மொனெல்லா பெரிய அரசியல் புயலாகி, ஓர் இணையமைச்சரே பதவி விலகினார். அதன்பின் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1998-ல் அப்படி வளர்த்த கோழிகளின் முட்டைக்குச் சிங்க முத்திரை வந்தது. 2017-ல் அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகள்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு அறிவித்தது. மயோனைஸ் தடை சமையலறை வாசலில் போடும் பூட்டு. கிருமி உள்ளே வருவது பண்ணை வழியாக. அங்கேயும் பூட்டு வேண்டும்.