மூச்சு வாங்குவது வயதாலா, ரத்தத்தாலா?

புனேக்காரர்களுக்கு ஞாயிறு காலை என்றால் சிங்ககட் கோட்டைதான். உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே. நானும் என் கணவரும் அறுபதை ஒட்டியவர்கள். ஒன்றாகத்தான் ஏறத் தொடங்குவோம், பாதி வழியில் அவர் முன்னே போய்விடுவார். எங்களைத் தாண்டி ஓடும் காலேஜ் பையன்கள் “சாவகாஷ், மாவ்ஷி!” என்று என்னை மட்டும் மெதுவாக வரச் சொல்வார்கள்.

ஏற்றத்தில் தசைகள் கேட்பது ஆக்சிஜன். அதைச் சுமப்பது ரத்தத்தின் ஹீமோகுளோபின். ஒரு கிராம் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும். சராசரி ஆணுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம், பெண்ணுக்கு 4 லிட்டர். உடல் சிறியது என்பது ஒரு காரணம். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டாலும் ஆணுக்குச் சுமார் 70 மில்லி, பெண்ணுக்கு 65. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதால் ஆண்களுக்கு ஹீமோகுளோபினும் கூடுதல். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களிடமும் இந்த இடைவெளி உண்டு. 2023இல் ஆண்களில் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2 மணி 35 விநாடியில் முடித்தார். அதே ஆண்டு பெண்களில் டிகிஸ்ட் அசெஃபா எடுத்துக்கொண்டது 2 மணி 11 நிமிடம் 53 விநாடி.

வயது வேறு வழியில் கை வைக்கிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு, பொதுக் கணக்குப்படி, 25 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 190, அறுபதில் 166. உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் தாக்குப்பிடிக்கும் திறன் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு மெதுவாகிறது. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகும். இதயம் நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வெளியேற்றும். சிவப்பணுக்கள் பெருகச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். அவற்றுக்கு இரும்புச்சத்து வேண்டும்.

நம் பெண்கள் இடறுவது அங்கேதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். எங்கள் குடியிருப்பில் வேலைக்கு வரும் நாற்பது வயதுப் பெண்மணிக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டும். “வயசாச்சுல்ல” என்பார். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8! பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மருத்துவர் அதிக உதிரப்போக்குக்கும் சிகிச்சை தந்து, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்களில் மூச்சு முட்டுவது நின்றது.

வயதும் பாலினமும் நாம் கேட்டு வாங்கியவை அல்ல. ரத்தசோகை அப்படியில்லை, தீர்க்கக்கூடியது. வழக்கமான படிகளிலேயே மூச்சு வாங்கினால், வயதைக் காரணம் சொல்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.