கற்பனையிலும் சுதேசியம்

காஞ்சீபுரத்தை அடுத்த நமது கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையவை. கோயில் காரியங்களுக்காக அவன் செய்த தானத்தில், மண்டபத்திலே பாரதம் வாசிப்பதற்கென்று தனியாக ஒரு பங்கு வைத்தான். ஜனங்களின் கற்பனா சக்தியைப் போஷிப்பதும் ராஜ்ய காரியமே என்று அக்காலத்தார் கருதினர் போலும்!

பிற்காலத்தில் அம்மண்டபத்தின் ஸ்தானத்தைச் சினிமா பிடித்துக்கொண்டது. ஆனால், விஞ்ஞானக் கதையும் அற்புதக் கதையும் மேனாட்டாருக்கே கைவந்தவை, அவர்களைப் பின்பற்றுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. இது அடிமைப் புத்தியன்றி வேறல்ல. டைரக்டர் ஸ்ரீ சிங்கீதம் சீனிவாச ராவின் தொழில் வரலாறே இதற்குத் தக்க மறுப்பு.

1931-ல் நெல்லூர் ஜில்லா உதயகிரியில் பிறந்த இவர், கே. வி. ரெட்டியிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றார். 1957-ல் வெளியான ‘மாயாபஜார்’ அங்கே இவர் கற்ற பெரும் பாடம். கடோத்கசனின் மாயங்களைக் கூறும் அக்கதை வியாச பாரதத்தில் இல்லை. பாரத மாந்தரைக் கொண்டு நம் ஜனங்களே புனைந்தது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் காமிரா யுக்திகளைக் கொண்டே அந்த மாயங்கள் திரையில் நிகழ்ந்தன.

இவரே 1974-ல் ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’யைத் தமிழில் படமாக்கினார். மதுவினால் ஓர் ஏழைக் குடும்பம் அழிவதைச் சொல்லும் கதை அது. உள்ளதை உள்ளபடி காட்டத் தெரிந்தவனே இல்லாததையும் நம்பும்படி காட்டுவான். 1987-ல் ‘புஷ்பக விமான’த்தை ஒரு வசனமுமின்றி நடத்திக் காட்டினார். 1989-ல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் ஸ்ரீ கமல்ஹாசனைக் குள்ள உருவினராக உலவவிட்டார்.

1991-ல் தெலுங்கில் ‘ஆதித்யா 369’ வந்தது. கால யந்திரம் என்னும் யோசனை, ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய நாவலில் பிரசித்தி பெற்றது. ஆனால் வெல்ஸின் பிரயாணி எதிர்காலத்தையே நாடிச் சென்றான். நம்மவர் படத்தில் யந்திரம் முதலில் சென்று இறங்குவது கிருஷ்ணதேவராயரின் விஜயநகரத்தில். பிறகுதான் 2504-ஆம் வருஷம். அங்கே யுத்தத்தின் விளைவாக மனிதர் பூமிக்கடியில் ஒடுங்கி வாழ்கின்றனர். யந்திரம் இரவல், யாத்திரை நம்முடையது. வெளியாரிடம் கருவியைக் கடன் வாங்குவதில் குற்றமில்லை. கண்ணையும் கடன் வாங்குவதே குற்றம்.

1994-ல் ‘பைரவ த்வீபம்’ எடுத்த இவர், 2024-ல் வெளியான ‘கல்கி 2898 ஏ.டி.’ படத்துக்கும் யோசனை கூறி வழிகாட்டினார். கே. வி. ரெட்டியிடம் பெற்ற வித்தை அடுத்த தலைமுறைக்கும் சென்றது. வித்தை வளரும் முறை இதுவே.

நம் பட முதலாளிகளோ கோடிகளைச் செலவழித்து மேனாட்டுப் பிரமைகளைப் பிரதி செய்கின்றனர். கதை எழுதுகிறவனிடம் மட்டும் சிக்கனம் காட்டுகின்றனர். டிக்கெட் வாங்கிக் கைதட்டும் நாமும் இதற்கு உடந்தையே. கூரத்துக் கோயிலில் கதைக்கென்று ஒரு பங்கு இருந்தது. உங்கள் மூலதனத்தில் கதைக்கு என்ன பங்கு? இதை ஜனங்கள் உரக்கக் கேட்கவேண்டும்.