லோ வோல்டேஜா? டிரான்ஸ்ஃபார்மரில் 'டேப்' ஏத்தினா போதுமா?

நெமிலிச்சேரியில் ஒரு புதுத் தெருன்னு வைச்சுக்குவோம். ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடுது. கடைசி வீட்டில் 220 வோல்ட்தான். 'டேப் ஏத்துங்க' என்கிறார்கள். சரியான தீர்வா?

டேப் என்றால் என்ன?

தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கிறது. ஒரு பேஸுக்கு 250 வோல்ட். 11,000 வோல்ட் பக்கச் சுருளில் எத்தனை சுற்று வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுவதுதான் டேப். சுற்று 5% குறைந்தால், வீட்டுப் பக்கம் வோல்டேஜ் சுமார் 5% ஏறும். கடைசி வீட்டுக்கு 231 கிடைக்கும்.

சிக்கல் எங்கே?

துணைமின் நிலையத்தில் சப்ளை ஓடும்போதே டேப் மாறும். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பொதுவாக கரண்ட்டை நிறுத்தித்தான் மாற்ற முடியும். அதனால் ஒரே செட்டிங் நாள் முழுக்க இருக்கும். லோடு இல்லாத நேரத்தில் முதல் வீட்டில் 263 வோல்ட்! மொட்டை மாடியில் சோலார் இருந்தால் மதியம் இன்னும் ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜுக்கு ஆபத்து.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

'பவர் ஃப்ளோ' கணக்கில் பீக் லோடு, குறைந்த லோடு இரண்டையும் முன்கூட்டியே பார்க்கலாம். அதில் டேப் விகிதம் 1 என்றால் வழக்கமான நிலை. 11,000 வோல்ட் பக்கம் 0.95 கொடுத்தால் வீட்டு வோல்டேஜ் ஏறும். அதே எண்ணைத் தவறி வீட்டுப் பக்கம் கொடுத்தால் இறங்கும். பதில் தலைகீழ்!

நீங்க என்ன செய்யலாம்?

நாள் முழுக்க லோ வோல்டேஜ் என்றால் டேப் உதவலாம். ராத்திரி மட்டும் என்றால் லோடு அதிகம். கூடுதல் டிரான்ஸ்ஃபார்மரோ தடிமனான கம்பியோ தேவைப்படலாம். மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்யும்போது நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.