கேரளாவுக்கு வேலைக்குப் போறீங்களா? ரேஷன் கார்டில் இந்த எழுத்தை முதல்ல பாருங்க!

ராயப்பன்பட்டி மாதிரி கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து இடுக்கி ஏலத்தோட்ட வேலைக்குப் போவது புதுசு இல்லை. காலையில் ஜீப் ஏறி சாயங்காலம் திரும்புபவர்களுக்கு சிக்கல் இல்லை. அங்கேயே மாதக்கணக்கில் தங்குபவர்கள் ரேஷன் அரிசிக்கு என்ன செய்வது?

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. கேரள கடையிலும் வாங்கலாம். ஆனா, எல்லா கார்டுக்கும் கிடைக்காது!

ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் நீங்கள் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். முதல் வகைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, இரண்டாவதுக்கு (அந்தியோதயா) குடும்பத்துக்கு 35 கிலோ. வெளிமாநிலத்தில் செல்லுபடியாவது இந்தக் கணக்குதான்.

என்.பி.எச்.எச். என்று இருந்தால்? நம்ம ஊரில் அரிசி இலவசம்தான். அது தமிழ்நாடு அரசின் முடிவு. எல்லை தாண்டினால் செல்லாது. உள்ளூரில் இரண்டு கார்டுக்கும் அரிசி கிடைப்பதால் யாரும் இந்த எழுத்தைக் கவனிப்பதே இல்லை. குமுளி தாண்டிய பிறகுதான் தெரியவரும்.

துவரம் பருப்பு, பாமாயிலும் அப்படியே. மாநிலத் திட்டம் என்பதால் அங்கே கேட்க முடியாது.

கார்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆதார் இணைத்த உறுப்பினர் ஒருவர் கைரேகை வைத்தால் போதும். பங்கில் கொஞ்சத்தை அங்கே வாங்கினால், மீதியை ஊரில் இருக்கும் குடும்பம் வாங்கிக்கலாம்.

வகையை மாற்ற உத்தமபாளையம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உடனே மாறிவிடாது, கிளம்புவதற்கு முன்பே கொடுத்துடுங்க. சந்தேகம் இருந்தால் 1967-க்கு போன் போடுங்க.