ஊரும் கடற்சாமந்தி: முதலில் பம்பை மூடுங்கள்!

இரவு பாறையில் ஒட்டியிருந்த கடற்சாமந்தி, காலையில் மீன்தொட்டிக் கண்ணாடியில் இருக்கிறதா? பயப்படாதீர்கள். பூப்போல இருந்தாலும் அது ஓர் உயிரினம். வெளிச்சமோ நீரோட்டமோ ஒத்துவராவிட்டால், அடிப்பாதத்தால் மெல்ல ஊர்ந்து வேறு இடம் தேடும்.

அப்படி ஊரும்போது பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கினால்தான் ஆபத்து. உடல் கிழிந்து அழுகினால் நீர் கெட்டு, மற்ற மீன்களும் செத்துப்போகலாம். அதனால் அதை வாங்குவதற்கு முன்பே உறிஞ்சுவாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள். ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவுங்கள்.

ஊர்ந்துபோனதைக் கையால் பிய்த்தெடுக்க வேண்டாம்; பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம். நீரின் உப்பையும் வெப்பத்தையும் சோதித்துவிட்டு, அதுவாக ஓரிடத்தில் அமரும்வரை காத்திருங்கள்.

மலாக்கா வெயிலில் தொட்டி நீர் எளிதில் 30 டிகிரியை எட்டிவிடும். 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கச் சில்லர் தேவைப்படும். புதுத் தொட்டி என்றால், குறைந்தது 6 மாதம் போகட்டும்.

பிள்ளைகள் 'நீமோ' கேட்டால் கோமாளி மீன் மட்டும் வாங்கலாம். தொட்டியில் அது கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். ஸ்காட்லாந்தில் 1828-இல் கடலிலிருந்து எடுத்த ஒரு கடற்சாமந்தி, வளர்ப்பில் 1887 வரை வாழ்ந்தது. அத்தனை காலம் வாழக்கூடிய உயிர் அது. யோசித்து வாங்குங்கள்.