பைபர் வண்டிக்குத் துரு இல்லை, அதன் ஆணிக்கு உண்டு

நமது கரையில் கடை என்பது ஓரிடத்திலேயே நின்று வியாபாரம் பார்த்ததில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி ஏலம் போகும் கடற்கரையிலேயே ஓலைக் கொட்டகை எழும்பும். அரிசி, பருப்பு, புகையிலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். குளிப்பு முடிந்தால் கொட்டகையும் பிரிந்துவிடும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. அதோடு அந்தக் கடைத்தெருவும் போயிற்று. ஆனால் கூட்டம் கூடுகிற இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் நிறைவு பெறும் பனிமய மாதா திருவிழா, குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சஷ்டி என்று வருடத்தில் பாதி நாள் யாராவது ஒரு உறுப்பினர் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஓலையும் தார்ப்பாயும் இருந்த இடத்தில் இப்போது பைபர் டிரெய்லர் வந்திருக்கிறது. ஜீப் அல்லது சிறிய லாரியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய், நிறுத்திய இடத்தில் பக்கக் கதவைத் தூக்கினால் கடை தயார். இந்த வண்டி வாங்கலாமா, நமது உப்புக் காற்றுக்குத் தாங்குமா என்று சில உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நாம் 2019ல் பழைய வண்டி ஒன்றை வாங்கி, நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை எழுதினால் மற்றவர்களுக்குச் செலவு குறையும் என்று இதை எழுதுகிறோம்.

வண்டி 12 அடி நீளம், ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். விற்றவர் வெளியூர்க்காரர். "பைபருங்க, துருவே பிடிக்காது. ஒரு செலவும் இல்லீங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. நாம் இரண்டாம் பாதியையும் சேர்த்து நம்பிவிட்டோம்.

வண்டி வந்த முதல் வாரமே கூரையில் நமது கடைப் பெயர்ப்பலகையை மாட்டினோம். சாதாரண இரும்புத் திருகாணி எட்டு. துளை போட்டு முறுக்கியதோடு சரி. அந்த வருடம் நவம்பர் மழையில் உள்ளே வைத்திருந்த கருப்பட்டிச் சிப்பங்கள் பாகாகி ஒழுகின. தரையில் ஈரம் இருந்ததே தவிர, கூரையில் ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. வியாபாரத்துக்கு வெளியே பேசினால் வெட்கம் என்று கொஞ்ச நாள் சும்மா இருந்தோம். பிறகுதான் திரேஸ்புரத்தில் பைபர் வள்ளம் பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தோம்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று சத்தம் வந்தது. பலகை மாட்டிய இடத்தில் பூசணிக்காயைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டது. "பைபருக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. அதைப் புடிச்சிட்டு நிக்கிற ஆணிக்குத்தான் ஆகும்" என்றார். இரண்டு பைபர் தகட்டுக்கு நடுவே விறைப்புக்காகப் பிளைவுட் வைத்திருக்கிறார்கள். திருகாணி துருப்பிடித்துத் துளை பெரிதாகி, அதன் வழியே இறங்கிய தண்ணீர் பிளைவுட்டை மட்கச் செய்து, எங்கோ தள்ளி வந்து சொட்டியிருக்கிறது. நஷ்டத்துக்குக் காரணம் வண்டி அல்ல, நமது பெயர்ப்பலகைதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுக பைபர் படகு பெருகியது. அதனால் ரெசின், மேட் என்று பேசத் தெரிந்த கை ஒவ்வொரு மீனவர் ஊரிலும் இருக்கிறது. வண்டி செய்தவர் எத்தனை மைல் தூரத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். படகும் வண்டியும் ஒரே சரக்குதான். கண்ணாடி இழையால் ஆன மேட் என்ற பாயை விரித்து, பாலியஸ்டர் ரெசின் ஊற்றி இறுக வைப்பது. வெளியே பளபளப்புக்கு ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சு.

வெளிநாட்டிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1968ல் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற சிறிய பைபர் டிரெய்லரைக் கொண்டுவந்தார். அவர் அதற்கு முன் பைபர் கழிவுநீர்த் தொட்டியில் வேலை பார்த்தவர். மேல் பாதி ஒரு அச்சு, கீழ்ப் பாதி ஒரு அச்சு. இரண்டையும் முட்டை ஓடு போல இடுப்பில் சேர்த்துவிட்டார். அந்த வண்டிகள் பல இன்றும் ஓடுவதற்குக் காரணம் கூரையில் மூட்டு இல்லாததுதான். வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முழு அச்சில் வார்த்த கூடு ஒன்று. இரும்புச் சட்டத்தின் மேல் பைபர் ஷீட்டைத் துண்டு துண்டாக ரிவிட் அடித்தது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் பைபர் வண்டிதான். இரண்டாவதில் ரிவிட் இருக்கும் இடமெல்லாம் மழைக்கு வாசல்.

மேஸ்திரி செய்த வேலையைச் சொல்கிறோம். மட்கிய இடத்தை வெட்டி எடுத்தார். மூன்று நாள் வெயிலில் காயவிட்டார். விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மரைன் பிளைவுட் வைத்து, மேலே மூன்று அடுக்கு மேட் போட்டார். ஈரத்தில் இந்த வேலை பிடிக்காது. ஆகவே பழுது எல்லாம் புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். உச்சி வெயிலிலும் ஆகாது. கலந்த ரெசின் வாளியிலேயே கல்லாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெசினை இறுக வைக்க இரண்டு திரவம் சேர்ப்பார்கள். ஒன்று கோபால்ட், மற்றொன்று கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட்டை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு அளந்து விட வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மிச்சம் இருந்தால் கடையில் மண்ணெண்ணெய், டர்பன்டைனோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். நமது கடைப் பையன்கள் எந்த பாட்டிலையும் எங்கும் வைப்பவர்கள் என்பது தெரிந்ததே. தேய்க்கும்போது பறக்கும் தூளும் கண்ணாடிதான். மூக்கைக் கட்டாமல் யாரையும் பக்கத்தில் விடக்கூடாது.

இப்போது நமது வண்டியில் எந்தத் துளை போட்டாலும் 316 தர ஸ்டெயின்லெஸ் திருகாணி, அகலமான வாஷர், துளைக்குள் பாலியூரித்தேன் சீலன்ட். மலிவு என்று சிலிக்கான் பிதுக்காதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு ரெசினும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. பெயர்ப்பலகைக்குத் துளையே வேண்டாம் என்று பக்கச் சுவரில் எழுதிவிட்டோம்.

வெளிப்பூச்சுக்குப் பெரிய செலவில்லை. கடற்கரையில் நின்று திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை கார் வேக்ஸ். தடவிப் பார்த்தால் கையில் மாவு போல் ஒட்டினால் ஜெல்கோட் வெயிலில் வெளுத்துவிட்டது என்று பொருள். கதவு மூலையில் மயிரிழை போல் கீறல் தெரிந்தால் அங்கே சட்டம் ஆடுகிறது. பூச்சு போட்டு மறைப்பதில் பயனில்லை.

கூட்டை விட நமக்குப் பெரிய தலைவலி கீழே இருக்கிறது. சேஸிஸ் இரும்பு, அச்சு இரும்பு, கொக்கி இரும்பு. தூத்துக்குடியில் கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வண்டிக்கு அடியில் கை வைத்தால் உப்பு கரிக்கும். பெட்டிப் பைப்பில் செய்த சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அப்பளம் ஆகியிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு சட்டத்தை முழுதாகத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். பழைய வண்டியானால் பைப்பின் தாழ்ந்த முனைகளில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

டயர் விஷயம் 2020ல் தெரிந்தது. ஊரடங்கில் வண்டி அசையவே இல்லை. தேயாத டயர் என்று நினைத்தோம், பக்கவாட்டில் வெடித்திருந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடையில் பாக்கெட் தேதி பார்க்கிற நாம் டயரில் தேதி பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தினால் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும்.

இனி சொல்லப்போவது நமது கவனக்குறைவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நமது குடோனில் தரையோடு கிடந்த அடுக்கு எல்லாம் போயிற்று. அந்தக் கணக்கை இங்கே எழுதவில்லை. டிரெய்லர் மட்டும் சுவரோரம் நின்றதால் கூட்டுக்குள் தண்ணீர் ஏறாமல் தப்பியது. அதற்குள் ஏற்றியிருந்த சரக்கு தப்பியதே பெரிது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் சக்கரம் இரண்டு நாள் தண்ணீரில் நின்றதை நாம் நினைத்தே பார்க்கவில்லை.

2024 தசராவுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்டபோது ஆறுமுகநேரி தாண்டியதும் பின்னால் வந்த ஆட்டோக்காரர் கையைக் காட்டினார். ஓட்டிய தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இடது சக்கரத்துல புகை வருது, குடம் தொட முடியல" என்று போன் செய்தான். பேரிங் உடைந்து அச்சின் முனையையும் தின்றிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் சக்கரம் கழன்று போயிருக்கும். அந்தச் சாலையில் அன்றைக்கு மாலை போட்ட பக்தர்கள் எத்தனை பேர் நடந்து போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றி அனுப்புவதற்குள் நல்ல வியாபாரத்தில் இரண்டு நாள் போய்விட்டது.

மெக்கானிக் அடுத்த சக்கரத்தையும் கழற்றிக் காட்டினார். கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்த கிரீஸ் அப்படித்தான் ஆகும். குடம் தண்ணீரில் முங்கினால் உடனே கழற்றி, கழுவி, புது கிரீஸ் அடைத்து, ஆயில் சீலை மாற்ற வேண்டும். முங்காவிட்டாலும் வருடம் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். இப்போது நமது வண்டி புறப்பட்டால் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு குடத்தையும் தொட்டுப் பார்க்கிறோம். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டை மீண்டும் முறுக்க வேண்டும்.

சரக்கு ஏற்றுவதில் நமக்கு அனுபவம் உண்டு என்று நினைப்போம். லாரி வேறு, ஒற்றை அச்சு வண்டி வேறு. எண்ணெய் டின், அரிசி மூட்டை எல்லாம் தரையோடு, அச்சுக்கு நேராகச் சற்றே முன்னால். அப்பளம், ஊதுபத்தி, பொரி பின்னால். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். 1000 கிலோவுக்கு 100 முதல் 150 கிலோ. கடையின் பிளாட்பாரத் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்துவிடலாம். பின்பாரம் கூடினால் வண்டி பாம்பு போல் ஆடத் தொடங்கும், முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும்.

உள்ளே என்னென்ன வேண்டும் என்பது அவரவர் சரக்கைப் பொறுத்தது. பைபர் கூடு பகலில் அடுப்பு, பின்னிரவில் வியர்க்கும். கருப்பட்டி, மக்ரூன், சீனி வைப்பவர்கள் சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். மேலே ஒரு காற்றுப் போக்கி, எதிர்ச்சுவரில் தாழ ஒன்று இருந்தால் வியர்வை பாதியாகக் குறையும். விளக்குக்கு 12 வோல்ட் பேட்டரியும் எல்.இ.டி.யும் போதும். பந்தலில் இருந்து கரண்ட் இழுப்பவர்கள் எர்த்தும் கசிவு மின்சாரத்தில் தானே அணையும் சுவிட்சும் இல்லாமல் இழுக்காதீர்கள். பைபருக்கு ஷாக் அடிக்காது, கீழே இருக்கும் சேஸிஸுக்கும் படிக்கட்டுக்கும் அடிக்கும். ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, காற்று போகும் திசையில்.

டீ போட்டால் கூடுதல் வரும்படி என்று கேஸ் அடுப்பு வைக்கிறார்கள். மளிகை வண்டியில் அடுப்பு கூடாது என்பதே நமது கருத்து. கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். தரையோடு வெளியேற வழியில்லாத கூட்டில் ஒரு தீக்குச்சி போதும். பாலியஸ்டர் பைபர் பற்றினால் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும், உள்ளே இருப்பவருக்குக் கதவு தெரியாது. வைத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் சிலிண்டரை வெளிப்பெட்டியில் வையுங்கள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஸ்டெயின்லெஸ் தகடு அடியுங்கள். தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

டிரெய்லருக்குத் தனியே பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சரக்குக்குப் பேசாது. உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ கூடவே இருக்க வேண்டும்.

நமது வண்டியின் கதவருகே இப்போது ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. ஒரு ஜோடி பேரிங், இரண்டு ஆயில் சீல், கிரீஸ், சீலன்ட் குழாய், ஒரு கை ஸ்டெயின்லெஸ் திருகாணி. ஓட்டுகிற தம்பி புறப்படும் முன் டின்னைத் திறந்து காட்டிவிட்டுத்தான் சாவி வாங்குகிறான். ரெசின் வேலைக்குப் படகு மேஸ்திரி வேண்டும் உறுப்பினர்கள் ஆவணி பிறப்பதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. அதன் பிறகு அவர்களுக்கும் படகு வேலை நெருக்கும், மழையும் வந்துவிடும்.