ஒன்பதாவதாக வந்த பிள்ளை

வீட்டில் சமையலுக்கு ஓர் அம்மாளை அமர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? ஊர், பேர் விசாரித்த கையோடு, "இன்றைக்கு ஒரு ரசம் வையுங்கள், பார்க்கலாம்" என்பீர்கள். ஒரு கரண்டி ரசம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்! அதே ரசப் பரீட்சையைக் கணக்குப்பிள்ளைக்கு வைத்தால் ஊர் சிரிக்காதா?

வேலைக்குத் தக்க பரீட்சை. ஆள் எடுப்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். இதற்கு ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அப்துல் கலாமைத்தான் சொல்கிறேன். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். சென்னையில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தபோது கையில் பணமில்லை. தமக்கை தம் தங்க வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி செய்துகொண்டார்.

1958-ல் இரண்டு பேட்டிகளுக்கு அழைப்பு வந்தது. ஒன்று டேராடூனில், விமானப் படைக்கு. மற்றொன்று டில்லியில், பாதுகாப்பு இலாகாவின் தொழில்நுட்பப் பிரிவுக்கு. மனம் நாடியதோ ஆகாயத்தை! டேராடூனில் 25 பேர் வந்திருந்தார்கள், இடம் எட்டு. கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது ஸ்தானம். மனம் உடைந்து போனார். டில்லியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் விக்ரம் சாராபாய் அவரைப் பேட்டி கண்டார். என்ன தெரியும் என்று துருவாமல், இவரால் இனி என்ன ஆகக்கூடும் என்றே பார்த்தாராம். அதன் பலனை 1980-ல் தேசமே கண்டது. கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணியை விண்ணில் ஏற்றியது.

அப்படியானால் டேராடூன்காரர்கள் செய்தது தவறா? அப்படிச் சொல்ல முடியாது. விமானம் ஓட்டுகிறவருக்குத் தேக வலிமையும் சுறுசுறுப்பும் அவசியம். அவர்கள் எடை போட்டது ஒரு வேலைக்கு, மனிதரை அல்ல.

ஆள் எடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், முதலில் வேலைக்கு என்ன தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலையிலேயே சிறு பகுதியைச் செய்யச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது பெரும்பாலும் பலிப்பதில்லை என்று 1998-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒன்பதாவதாக வந்து வாடி நின்றால், "எந்த வேலைக்கு எந்தப் பரீட்சை?" என்று கேளுங்கள். அன்று ஒன்பதாவதாக நின்றவர்தான், 2006-ல் 74-ஆம் வயதில், ஜனாதிபதியாகச் சுகோய் போர் விமானத்தில் பறந்தார்!